நலமாக நீண்ட நாள் வாழ வீட்டிலேயே பழகக்கூடியவை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

35 வயதைத் தாண்டி, வேலை, பிள்ளைகள் படிப்பு, பெற்றோரின் வைத்தியச் செலவு என்று ஓடிக்கொண்டிருக்கும் குடும்பங்களை மனதில் வைத்து எழுதியது இது. சமையலறையிலும் தெருவிலும் படுக்கையறையிலும் பெரிய செலவில்லாமல் செய்துகொள்ளக்கூடிய மாற்றங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். சிறுநீரகம், இதயம் சம்பந்தப்பட்ட சிகிச்சையில் இருப்பவர்கள் எதையும் மாற்றுவதற்கு முன் தங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற முடியாது. எதில் தொடங்குவது?

வீட்டில் யாராவது பீடி, சிகரெட் பிடித்தாலோ, புகையிலை போட்டாலோ, அதை விடுவதுதான் முதல் வேலை. மற்ற எந்த நல்ல பழக்கமும் அந்தச் சேதத்தை ஈடுகட்டாது.

அந்தப் பழக்கம் யாருக்கும் இல்லையென்றால், இந்த வாரமே எல்லாரும் பிரஷர் பார்த்துக்கொள்ளுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆதரவில் நடந்து 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வில், 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பது தெரிந்தது. அதாவது மூன்று பேரில் ஒருவருக்கு மேல். "எனக்குத் தலைவலிகூட வந்ததில்லை, எனக்கு எதற்கு?" என்பதுதான் எல்லா வீட்டிலும் கேட்கும் பதில். பெரும்பாலானவர்களுக்கு அறிகுறியே இருக்காது என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் பிரஷர் இருந்ததே தெரியவந்தது என்ற கதை நம் எல்லாருடைய சொந்தத்திலும் ஒன்றாவது இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷரும் சர்க்கரையும் இலவசமாகவே பார்க்கிறார்கள். பத்து நிமிட வேலை.

வீட்டிலேயே மெஷின் வாங்கிப் பிரஷர் பார்க்கலாமா? ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவு காட்டுகிறதே?

தாராளமாகப் பார்க்கலாம். கை மேற்பகுதியில் கட்டும் மெஷினாக வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது அவ்வளவு நம்பகமில்லை.

அளவு மாறுவதற்குப் பாதிக் காரணம் நாம் பார்க்கிற விதம். மாடிப்படி ஏறி வந்த கையோடு பார்ப்போம், சிறுநீரை அடக்கிக்கொண்டு பார்ப்போம், காபி குடித்துக்கொண்டே பார்ப்போம். சரியான முறை இதுதான்: காபி, டீ, புகை எதுவாக இருந்தாலும் அரை மணி நேரம் போகட்டும். சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகு சாய்ந்திருக்கும்படி நாற்காலியில் உட்காருங்கள். கால்மேல் கால் போடாமல் இரண்டு பாதமும் தரையில் இருக்கட்டும். ஐந்து நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, கையை மேஜைமேல் நெஞ்சு உயரத்தில் வைத்துப் பாருங்கள். பட்டையைச் சட்டைக்கைமேல் கட்டாதீர்கள். ஒரு நிமிடம் விட்டு இன்னொரு தடவை பார்த்து இரண்டையும் தேதியோடு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். தொடர்ந்து சில நாட்கள் 140/90ஐ ஒட்டியோ, அதற்கு மேலோ வந்தால் அந்த நோட்டோடு டாக்டரிடம் போங்கள். வீட்டில் பார்க்கும்போது 135/85 தாண்டினாலே கவனிக்க வேண்டிய அளவுதான்.

உப்பைக் குறையுங்கள் என்கிறார்கள். நாங்கள் குறைவாகத்தான் போடுகிறோம். இன்னும் எவ்வளவு குறைப்பது?

உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன். ஆனால் குழம்பில் போட்ட கல்லுப்பு யார் வயிற்றுக்குள் எவ்வளவு போனது என்று யாரால் அளக்க முடியும்? அதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. மளிகைக் கணக்கைப் பாருங்கள்.

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 600 கிராம் உப்புதான் அளவு. ஒரு கிலோ பாக்கெட் ஒரே மாதத்தில் காலியாகிறது என்றால் தலைக்கு நாளொன்றுக்கு 8 கிராமுக்கு மேல் வருகிறது. காய் கழுவவும் மீன் கழுவவும் போன உப்பைக் கழித்தாலும் அளவு மீறித்தான் இருக்கும். ஊறுகாய், கடையில் வாங்கும் மிக்சர், ஹோட்டல் சாம்பார், பிள்ளைகள் சாப்பிடும் நூடுல்ஸ் மசாலா எதுவும் இந்தக் கணக்கில் சேரவில்லை. உப்பு பாக்கெட்டைப் பிரிக்கும்போது அதன்மேல் பேனாவால் தேதியை எழுதி வையுங்கள். எந்த அறிவுரையையும்விட அந்தத் தேதி வேகமாக வேலை செய்யும்.

எங்கே குறைப்பது என்றால், குழம்பில் கை வைக்க வேண்டாம். அங்கே குறைத்தால் வீட்டில் சண்டை வரும். சோறு வேகும்போது உப்புப் போடும் வழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள். குழம்பிலும் ரசத்திலும் இருக்கும் உப்பு சோற்றுக்குப் போதும். மோரில் உப்புக்குப் பதில் இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போடலாம். பொரியலில் பாதியாகக் குறைத்து, இறக்கும்போது எலுமிச்சை பிழிந்தால் வித்தியாசம் தெரியாது. அப்பளம், வத்தல், மோர் மிளகாய், கருவாடு, ஊறுகாய் இவற்றில் ஒரு வேளைக்கு ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பளத்தில் உப்பு மட்டுமல்ல, அப்பளக்காரமும் சோடியம்தான்.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சொல்லி வளர்ந்த நாக்குதான். ஆனாலும் மூன்று, நான்கு வாரம் படிப்படியாகக் குறைத்தால் நாக்கு பழகிவிடும். அப்புறம் பழைய அளவில் சமைத்தால் கரிக்கும்.

இந்துப்பு, கல்லுப்பு சேர்த்தால் பிரஷர் ஏறாது என்கிறார்களே?

ஏறும். இரண்டும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். அயோடின் சேர்க்காத உப்பை மட்டுமே பயன்படுத்தினால் தைராய்டு பக்கமும் பிரச்சினை வரலாம்.

உண்மையில் பலன் தெரிந்தது வேறொரு உப்பில். சோடியத்தில் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்த்த உப்பைச் சீனாவின் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரைக் கொண்டு சோதித்தார்கள். பக்கவாதம் வந்தவர்களும் அதிக பிரஷர் உள்ள வயதானவர்களும்தான் அதில் இருந்தார்கள். 2021இல் வெளிவந்த முடிவின்படி, அந்த உப்பைப் பயன்படுத்தியவர்களிடம் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்திருந்தது. இங்கேயும் 'லோ சோடியம்' என்று கடைகளில் கிடைக்கிறது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், பொட்டாசியத்தை ஏற்றும் பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

தினமும் பத்தாயிரம் அடி நடந்தே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியோடு சேர்ந்து பிரபலமான எண் அது. மருத்துவ ஆய்விலிருந்து வந்ததல்ல. பிறகு நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 6,000 முதல் 8,000 அடி வரை நடந்தாலே பெரும்பாலான பலன் கிடைத்துவிடுகிறது என்று 2022இல் எழுதினார்கள். இளையவர்களுக்கு 8,000 முதல் 10,000. இப்போது 2,500 அடி நடப்பவர் 4,500 நடந்தால் அதுவே பெரிய முன்னேற்றம். போன் காட்டும் எண்ணைப் பார்த்து மனம் தளர்ந்து எல்லாவற்றையும் விட்டுவிடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

வேலையோடு வேலையாக நடப்பதும் கணக்கில் சேரும். இதைப் பற்றிய பழைய ஆய்வு ஒன்று பஸ்ஸில்தான் நடந்தது. ஜெர்ரி மோரிஸ் என்ற டாக்டர் லண்டன் மாடி பஸ்களில் வேலை பார்த்த டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டு 1953இல் வெளியிட்டார். இரண்டு பேருக்கும் ஒரே பஸ், ஒரே ஷிப்ட். ஆனால் நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்த டிரைவர்களுக்குத்தான் மாரடைப்பு அதிகமாக வந்தது. படியேறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு அது குறைவு.

காலை 5 மணிக்கு எழுந்து நடக்க முடியவில்லை. வேறு நேரத்தில் நடந்தால் பலன் உண்டா?

உண்டு. சர்க்கரையைப் பொறுத்தவரை, சாப்பிட்ட பிறகு நடப்பது இன்னும் நல்லது. சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை, நடக்கும்போது காலின் பெரிய தசைகள் இழுத்துக்கொள்கின்றன. அதனால் ஏற்றம் குறைகிறது. வேகமாக நடக்கக்கூட வேண்டாம். இரவுச் சாப்பாடு முடிந்ததும் டி.வி. முன்னால் உட்காராமல் 15 நிமிடம் தெருவில் இரண்டு சுற்று, மழையென்றால் மொட்டை மாடிக்கு ஏறும் வராந்தாவில். மதியம் உண்ட மயக்கம் தள்ளும் ஆபீஸில் ஒரு மாடி இறங்கி ஏறினால் போதும். நெஞ்சு வலி உள்ளவர்கள் மட்டும் சாப்பிட்ட உடனே நடப்பதைப் பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நடையை லேசாக எடைபோட வேண்டாம் என்பதற்கு நம்மூர்ச் சாட்சியே இருக்கிறது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான ஆலோசனையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. நடையும் சாப்பாட்டு மாற்றமும் கற்றுக்கொடுக்கப்பட்டவர்களில் 39 சதவீதம். இதில் எனக்குப் பிடித்த விஷயம், அவர்கள் எடை பெரிதாகக் குறையவே இல்லை என்பது. எடை பார்க்கும் மெஷினில் முள் நகரவில்லை என்று நடையை நிறுத்துகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நடந்தால் மட்டும் போதுமா?

போதாது. வயது ஏற ஏற தசை கரைகிறது. சம்மணமிட்டு உட்கார்ந்தவர் கையூன்றாமல் எழ முடியாமல் போவது அதன் முதல் அடையாளம். வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுங்கள். ஜிம் தேவையில்லை. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள். சுவரில் கை ஊன்றித் தள்ளுங்கள். ரேஷன் அரிசிப் பையை வண்டியில் வைக்காமல், முடிந்த தூரம் கையில் தூக்கி வாருங்கள். முட்டி வலி இல்லாதவர்கள் ஒரு வேளையாவது தரையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். உட்கார்ந்து எழுவதே பயிற்சி.

அரிசிச் சோற்றை விட்டுவிட வேண்டுமா? சிறுதானியத்துக்கு மாறினால் சரியாகிவிடுமா?

தமிழ்க் குடும்பத்தில் சோற்றை விடு என்றால் நான்கு நாள் நடக்கும், ஐந்தாம் நாள் பழையபடி வந்துவிடும். விட வேண்டாம், தட்டில் அதன் இடத்தைக் குறையுங்கள். நம் சாப்பாட்டில் உள்ள கோளாறு சோறு மலைபோலவும் பொரியல் ஓரத்தில் ஒரு கரண்டியாகவும் இருப்பது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில் ஒருவருக்கு நாளொன்றுக்குக் கீரை உட்பட 400 கிராம் காய், 100 கிராம் பழம் சொல்கிறார்கள். உருளைக்கிழங்கு அதில் சேராது. மார்க்கெட்டில் அரை கிலோ பீன்ஸ் வாங்கி நான்கு பேருக்கு இரண்டு நாள் ஓட்டும் வீடுகளுக்கு இது பெரிய மாற்றம்தான். உடனே முடியாது, இப்போது வாங்குவதை இரண்டு மடங்காக்குவதிலிருந்து தொடங்கலாம்.

சாப்பிடும் வரிசையையும் மாற்றிப் பாருங்கள். முதலில் பொரியலும் கூட்டும், முட்டையோ மீனோ சுண்டலோ இருந்தால் அதுவும். கடைசியில் சோறு. இந்த வரிசையில் சாப்பிட்டால் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறுவது குறைகிறது என்று சர்க்கரை நோயாளிகளிடம் செய்த சோதனைகளில் தெரியவந்திருக்கிறது. பாதி வயிறு நிறைந்த பிறகு சோற்றுக்கு வந்தால் கை தானாகவே குறைவாக எடுக்கும். மெதுவாகச் சாப்பிடுங்கள். நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று பாட்டிமார் சொன்னதில் அர்த்தம் இருக்கிறது. வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேர நேரம் ஆகும்.

சிறுதானியத்தில் நார்ச்சத்து அதிகம், நல்லதுதான். ஆனால் தினை என்பதற்காக இரண்டு தட்டுப் பொங்கல் சாப்பிட்டால் பலனில்லை. நைசாக அரைத்த கேழ்வரகு மாவில் கஞ்சி காய்ச்சி ஒரு சொம்பு குடித்தால் சர்க்கரை வேகமாகத்தான் ஏறும். களியாகவோ அடையாகவோ, கூடக் கீரையோடு சாப்பிடுவது மேல்.

வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை?

சுவைக்காகச் சேர்ப்பதென்றால் சரி. சர்க்கரை நோய்க்கு மாற்று என்று நினைத்துச் சேர்க்காதீர்கள், அதுவும் சர்க்கரைதான்.

டீ, காபியை நிறுத்த வேண்டுமா?

அதில் போடும் சர்க்கரைதான் கவலை. நாளைக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு டீஸ்பூன் என்றால் 30 கிராமுக்கு மேல் போகிறது. மேலே சொன்ன வழிகாட்டி ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் என்கிறது. டீக்கடையில் "அரைச் சர்க்கரை" என்று கேட்கப் பழகுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

இன்னொன்று, சாப்பாட்டோடு டீ குடிக்கும் பழக்கம். டீயில் உள்ள டானின் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை இருக்கும்போது இது சின்ன விஷயமில்லை. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டுமா?

எல்லாருக்கும் ஒரே அளவு கிடையாது. தாகத்துக்குக் குடியுங்கள், சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போனால் சரியாக இருக்கிறது. அக்னி நட்சத்திர வெயிலில் வேலை செய்பவருக்கு நிறைய வேண்டும். இதய, சிறுநீரக நோயாளிக்கு டாக்டர் சொன்ன அளவுதான்.

இருபது வருடமாகப் பிடிக்கிறேன். இனிமேல் சிகரெட்டை விட்டு என்ன ஆகப்போகிறது?

ஆகும், நிறையவே ஆகும். பிரிட்டிஷ் டாக்டர்களை 1951இலிருந்து 50 ஆண்டுகள் கவனித்த ஆய்வின் முடிவு 2004இல் வந்தது. தொடர்ந்து புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டு ஆயுளை இழந்தார்கள். 40 வயதில் விட்டவர்களுக்கு அதில் 9 ஆண்டு திரும்பக் கிடைத்தது, 50இல் விட்டவர்களுக்கு 6, 60இல் விட்டவர்களுக்கும் 3. அறுபதிலும் மூன்று ஆண்டு! பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு வரும் வயதில் மூன்று ஆண்டு என்பது சாதாரணமா?

"குறைத்துக்கொண்டேன், இப்போது நாளைக்கு இரண்டுதான்" என்பதில் திருப்தி அடையாதீர்கள். இரண்டு சிகரெட்டே இதயத்தைக் கணிசமாகப் பாதிக்கும். தனியாக முடியவில்லையென்றால் 1800-112-356 என்ற இலவச எண்ணில் விடுவதற்கு உதவுகிறார்கள். புகையிலை சேராத வெறும் பாக்குக்கும் இதே பதில்தான். பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. சாப்பிட்ட பின் வாய்க்கு ஏதாவது வேண்டுமென்றால் சோம்பு இருக்கிறது.

மதுவை அளவாகக் குடித்தால் இதயத்துக்கு நல்லது என்பார்களே?

பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என 2023இல் உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

எத்தனை மணி நேரம் தூங்க வேண்டும்?

பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். வீட்டுப் பெண்களுக்குத்தான் இது கிடைப்பதில்லை. எல்லாரும் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, மறுநாள் காய் நறுக்கி வைத்துப் படுக்கப் பதினொன்றரை; விடியற்காலை ஐந்துக்குப் பால்காரர் மணி. இதை அந்த ஒருவர் மட்டும் மாற்ற முடியாது. இரவுப் பாத்திரத்தை வேறொருவர் எடுத்துக்கொண்டால் முக்கால் மணி நேரத் தூக்கம் கூடும். சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடிப்பதும், போனைக் கட்டிலுக்குக் கை எட்டாத இடத்தில் சார்ஜில் போடுவதும் உதவும். குறட்டை நடுவில் சட்டென்று நின்று, மூச்சுத் திணறி மறுபடி தொடங்குகிறது என்றால் அதை ஆழ்ந்த தூக்கம் என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஆயுளைப் பற்றிப் பேசும்போது ஹெல்மெட் எதற்கு?

ஏனென்றால் 25 வயது மகனின் ஆயுளுக்கு உப்பைவிட ஹெல்மெட் முக்கியம். பைக்கில் விபத்து நடந்தால் தலைக்காயத்தை சுமார் 69 சதவீதமும், உயிரிழப்பை சுமார் 42 சதவீதமும் ஹெல்மெட் குறைக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். பக்கத்துக் கடைக்குப் போனாலும் போடுங்கள், பின்னால் உட்கார்பவரும் போடுங்கள், தாடைப் பட்டையை மாட்டுங்கள். பட்டை மாட்டாத ஹெல்மெட் விழுந்ததும் தலையைவிட்டுப் பறந்துவிடும்.

சர்க்கரை, பிரஷர் கட்டுக்குள் வந்துவிட்டது. மாத்திரையை நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். மாத்திரை சாப்பிடுவதால்தான் கட்டுக்குள் இருக்கிறது. நடையும் சாப்பாடும் நன்றாக அமைந்தால் அளவைக் குறைக்கலாமா என்று டாக்டர் முடிவு செய்வார். மாத்திரை வாங்கப் போக முடியாமல் விட்டுப்போகிறது என்றால், 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

அம்மாவுக்கு 75 வயது. இந்த வயதில் எதை மாற்றுவது?

கீழே விழாமல் பார்த்துக்கொள்வதுதான் முதலில். இடுப்பு எலும்பு முறிந்து படுத்தால் பலருக்கு அதன்பின் பழைய நடமாட்டம் வருவதில்லை. சாப்பாட்டில் கட்டுப்பாடு விதிப்பதைவிட, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டை அவருடைய கண்ணால் பாருங்கள்.

இரவில் கட்டிலிலிருந்து குளியலறை வரை வெளிச்சம் இருக்கிறதா? சின்ன இரவு விளக்கு ஒன்று போடுங்கள். குளியலறைத் தரை வழுக்குகிறதா? ரப்பர் விரிப்பு, சுவரில் ஸ்டீல் கைப்பிடி, உட்கார்ந்து குளிக்க ஒரு ஸ்டூல். வாசலில் கிடக்கும் பழைய சேலை மிதியடியை எடுத்துவிடுங்கள், அதில்தான் கால் சிக்கும். தேய்ந்த ரப்பர் செருப்பை மாற்றுங்கள். புடவை தரையில் புரளாமல் கட்டச் சொல்லுங்கள். கண்ணில் புரை இருந்தால் தள்ளிப்போடாமல் ஆபரேஷன் செய்துவிடுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர் படுக்கையிலிருந்து எழுந்ததும் ஒரு நிமிடம் விளிம்பில் உட்கார்ந்துவிட்டு அப்புறம் நிற்கட்டும். எழுந்த உடனே கண்ணை இருட்டிக்கொண்டு வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். முட்டை, பருப்பு, தயிர், மீன் இவற்றில் ஏதாவது ஒவ்வொரு வேளையும் இருக்கட்டும். இரவில் "எனக்கு ரெண்டு இட்லி போதும்மா" என்று அவர் சொன்னால், சட்னிக்குப் பதில் கெட்டியான சாம்பாரை ஊற்றுங்கள்.

அதோடு பேச ஆள் வேண்டும். தனிமை உடம்பையும் பாதிக்கிறது என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவருகிறது. கோயிலுக்கோ, எதிர்வீட்டுத் திண்ணைக்கோ தினமும் ஒரு தடவை நடந்து போய்வரட்டும், நடையும் ஆயிற்று பேச்சும் ஆயிற்று. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் தினமும் ஒரே நேரத்தில் போன் செய்யுங்கள். எடுக்கவில்லையென்றால் போய்ப் பார்க்கச் சொல்ல, பக்கத்து வீட்டு எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.